ஃபோர்க்கில் எந்த போல்ட்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைக்கிளின் முன் ஃபோர்க்கில் மட்கார்டு, ரேக், விளக்கு, பாட்டில் தாங்கி என்று எதையாவது மாட்ட உட்காருகிறவர்கள் ஏறக்குறைய இதே வரிசையில்தான் கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி மனப்பாடமாகிவிட்டதால் எழுதியே வைத்துவிட்டேன். பின்பக்கம் ஒரு போல்ட் கழன்றால் பெரும்பாலும் கடகடவென்று சத்தம் வரும், நிறுத்திப் பார்க்கலாம். முன்பக்கம் கழன்ற கம்பி ஸ்போக்கில் சிக்கினால் சக்கரம் அதே இடத்தில் நின்றுவிடும், ஓட்டுகிறவர் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுவார். போல்ட் விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகப் பேசுவது அதனால்தான்.

ஃபோர்க்கில் இருக்கிற அந்தச் சின்ன ஓட்டைக்கு என்ன சைஸ் போல்ட் போகும்?

பெரும்பாலும் எம் 5, அதாவது 5 மி.மீ. விட்டமுள்ள போல்ட். மரையின் இடைவெளி 0.8 மி.மீ. ஆக்சில் உட்காரும் அடிமுனைக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காது, காலின் நடுவில் இருக்கும் ரேக் துளை, பாட்டில் தாங்கித் துளை எல்லாமே வழக்கமாக இந்த அளவுதான். பாரம் ஏற்றவென்றே செய்த சில சைக்கிள்களில் எம் 6 (இடைவெளி 1 மி.மீ.) இருக்கும்.

ஃபோர்க் இரண்டு கால்களாகப் பிரியும் தோள்பகுதியில் முன்னும் பின்னும் ஊடுருவிப் போகும் துளை வேறு வகை. அதில் பெரும்பாலும் மரை இருக்காது. 6 மி.மீ. போல்ட் நுழைந்து வெளியே வரும், பின்னால் நட் போட வேண்டும்.

வெர்னியரில் அளந்தால் 4.9 காட்டுது. அப்போ இது எம் 5 இல்லையா?

எம் 5 தான். மரையின் வெளி விட்டம் பெயரளவில்தான் 5 மி.மீ. நட்டுக்குள் சிக்காமல் ஓட வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் குறைத்தே வெட்டுவார்கள். 4.83-இலிருந்து 4.98 வரை எது வந்தாலும் சரிதான்.

இதைவிட அதிகம் பேரை ஏமாற்றுவது ஆலன் கீ. 4 மி.மீ. கீ பொருந்துகிறது, எனவே எம் 4 போல்ட் என்று நினைத்து வாங்கி வந்துவிடுகிறார்கள். கீயின் அளவு தலையில் உள்ள குழியின் அளவு மட்டுமே, மரைக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. உருளைத் தலை எம் 5 போல்ட்டுக்கு 4 மி.மீ. கீ, குமிழ்த் தலை எம் 5 போல்ட்டுக்கு 3 மி.மீ. கீ.

போல்ட்டோட நீளத்தை எங்கிருந்து எங்கே வரைக்கும் அளக்கணும்?

தலைக்கு அடியிலிருந்து நுனி வரை. தலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பரப்போடு பரப்பாகப் புதைந்து உட்காரும் சரிவுத் தலை போல்ட்டுக்கு மட்டும் தலையையும் சேர்த்து அளப்பார்கள், ஏனென்றால் தலையும் உள்ளே போய்விடுகிறது.

சரி, எவ்வளவு நீளம் வாங்கணும்? பாக்கெட்டில் வந்ததையே போட்டால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். விட்டத்தில் யாரும் பெரிதாகத் தவறு செய்வதில்லை, தவறான விட்டம் உள்ளேயே போகாது. நீளம் அப்படி இல்லை. தவறான நீளமும் அழகாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். மட்கார்டு செய்கிறவர் உங்கள் ஃபோர்க்கைப் பார்த்ததில்லை, பாக்கெட்டில் அவர் போட்டது ஒரு உத்தேச நீளம்.

முதலில் துளையின் ஆழம். தீக்குச்சியையோ பல்குத்தும் குச்சியையோ துளைக்குள் முட்டும்வரை விட்டு, விளிம்பில் நகத்தால் அடையாளம் வைத்து வெளியே எடுத்து அளந்துகொள்ளுங்கள். வெர்னியரின் வால்கம்பி நுழைந்தால் இன்னும் சுலபம். அடுத்தது, போல்ட் தலைக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் வரும் எல்லாவற்றின் தடிமன்: மட்கார்டு கம்பியின் வளையம், ரேக்கின் பட்டை, வாஷர். மூன்றாவது, மரைக்குள் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பது. எஃகு மரையானால் குறைந்தது போல்ட்டின் விட்டம் அளவுக்கு, அதாவது எம் 5-க்கு 5 மி.மீ. அலுமினியம் மரையானால் ஒன்றரை மடங்கு, 7.5 மி.மீ.

ஒரு உதாரணம். துளை 10 மி.மீ. ஆழம், மறுபக்கம் திறக்காத அடைபட்ட துளை. கம்பி வளையம் 2, வாஷர் 1. 12 மி.மீ. போல்ட் போட்டால் 9 மி.மீ. உள்ளே போகும், அடியில் 1 மி.மீ. மிச்சம். சரியான தேர்வு. 16 போட்டால் 13 உள்ளே போக வேண்டும், இடமோ 10 தான். 10 போட்டால் 7 தான் பிடிக்கும்: எஃகுக்குப் போதும், அலுமினியத்துக்கு ஒரு பிடி குறைவு.

நீளம் கொஞ்சம் கூடினால் என்ன கெட்டுப்போச்சு? உள்ளேதானே போகுது.

அடைபட்ட துளையானால் போல்ட் நுனி அடியில் முட்டி நின்றுவிடும். கைக்கு இறுகியது போலவே தெரியும், ஆனால் தலை எதையும் அழுத்தவில்லை. மட்கார்டு கம்பியைப் பிடித்து ஆட்டினால் ஆடும். "இன்னும் கொஞ்சம்" என்று திருகினால் எஃகு ஃபோர்க்கில் போல்ட் முறுக்கி உடையும். கார்பன் ஃபோர்க்கில் உள்ளே பதித்திருக்கும் மரைக்குழல் தன் இடத்திலிருந்து பெயரும், அதற்கப்பால் நிகழ்வது பணச்செலவு.

ஊடுருவும் துளையானால் மறுபக்கம் நுனி நீட்டும். நானே பட்டிருக்கிறேன். 12 போதும் என்ற இடத்தில் கையில் கிடைத்த 20 மி.மீ. போல்ட்டை இடது காலில் போட்டேன். ஸ்டாண்டில் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தபோது எதையும் தொடவில்லை. ரோட்டில் எழுந்து நின்று மிதித்ததும் டிக், டிக் என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் பிரேக் டிஸ்க்கில் முடியளவு மெல்லிய வட்டக்கோடு பளபளக்கிறது. உடம்பின் பாரத்தில் சக்கரமும் ஃபோர்க்கும் வளைகிற அந்தச் சின்ன அளவே போதுமாக இருந்திருக்கிறது. இப்போதெல்லாம் உள்பக்கம் நுனிக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் குறைந்தது 3 மி.மீ. இல்லாமல் விடுவதில்லை.

துளைக்குள் எவ்வளவு மரை பிடிக்குதுன்னு பார்க்கவே முடியலையே?

பார்க்க வேண்டாம், எண்ணுங்கள். எம் 5 ஒரு முழுச் சுற்றுக்கு 0.8 மி.மீ. நகரும். மாட்ட வேண்டியதையெல்லாம் வைத்து, விரலால் திருகத் தொடங்கி, தலை உட்காரும்வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். எஃகில் 6 சுற்றுக்குக் குறையக் கூடாது, அலுமினியத்தில் 9. மூன்று நான்கு சுற்றிலேயே தலை உட்கார்ந்துவிட்டால் போல்ட் குட்டை. இன்றைக்குப் பிடிக்கும், ஒருநாள் மரையை உரித்துக்கொண்டு வெளியே வரும்.

உருளைத் தலை, குமிழ்த் தலை, புதையும் தலை... எதை எடுக்க?

பாரம் தாங்க வேண்டிய இடத்தில் உருளைத் தலை. குழி ஆழமாக இருக்கும், பெரிய கீ, நன்றாக இறுக்கலாம், ஐந்து வருடம் கழித்துக் கழற்றவும் செய்யலாம். எம் 5-இல் இதன் தலை 5 மி.மீ. உயரம். குமிழ்த் தலை அதில் ஏறக்குறைய பாதிதான், 2.75 மி.மீ. பை உரசும் இடம், குறுகலான இடம் என்றால் அது உதவும். ஆனால் குழி சிறியது, துருப்பிடித்தால் கீ வழுக்கிக் குழியையே வட்டமாக்கிவிடும்.

புதையும் தலையை, அதற்கென்று சரிவாகக் குடைந்த துளை இருந்தால் மட்டும் போடுங்கள். தட்டையான வளையத்தின் மேல் அதை இறுக்கினால் ஆப்பு அடித்த மாதிரி வளையத்தைப் பிளக்கப் பார்க்கும்.

தலையில் 8.8, ஏ2-70 என்றெல்லாம் எழுதியிருக்கே, அது என்ன?

8.8 எஃகு போல்ட்டின் பலம். முதல் எண்ணை 100-ஆல் பெருக்கினால் அறுந்துபோகும் அளவு, 800 மெகா பாஸ்கல். அதில் 0.8 பங்கு, அதாவது 640-இல், நிரந்தரமாக நீளத் தொடங்கும். 10.9 என்றால் 1000-மும் 900-மும். 12.9 என்றால் 1200-மும் 1080-மும். ஏ2-70 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: அறுவது 700, நீள்வது 450. ஆக, எவர்சில்வர் போல்ட் 8.8-ஐவிடப் பலம் குறைந்ததுதான். பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கிறது.

மட்கார்டு, விளக்கு, பாட்டிலுக்கு ஏ2-70 தாராளம். பாரம் ஏற்றும் முன் ரேக்குக்கு நான் 8.8 போடுவேன், துருவைத் துடைத்து கிரீஸ் பூசும் வேலையைப் பொறுத்துக்கொண்டு. தலையில் எழுத்தே இல்லாத போல்ட் ஃபோர்க்குக்கு வேண்டாம்.

கடலோரத்தில் ஓட்டறேன். ஸ்டெயின்லெஸ் போட்டால் துரு கவலை விட்டதுதானே?

போல்ட்டுக்கு விட்டது, ஃபோர்க்குக்கு விடவில்லை. ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் இறங்கினால் மின்வேதி அரிப்பு தொடங்கும், அரிபடுவது அலுமினியம். வெள்ளைப் பொடி பூத்து மரை முழுவதும் கட்டிப்போகும், ஒரு வருடம் கழித்து போல்ட் அசையாது. மாட்டும்போதே மரையில் கிரீஸ் பூசினால் நீர் போக வழியில்லை. வருடத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்துத் திரும்பப் பூச வேண்டும். உப்புக்காற்றுக்கு ஏ2-வைவிட ஏ4 தாக்குப்பிடிக்கும், அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது.

டைட்டானியம் போல்ட் போடலாமா? கலர் கலராக அலுமினியம் போல்ட்டும் கிடைக்குதே?

டைட்டானியம் போடலாம், கிரீஸ் இல்லாமல் மட்டும் போடாதீர்கள், மரையோடு கடித்துக்கொள்ளும். குறையும் எடை சில கிராம்தான். அலுமினியம் போல்ட் பாட்டில் தாங்கிக்கு அழகு, ரேக்குக்கு ஆகாது.

எவ்வளவு இறுக்கணும்?

எம் 5 எஃகு போல்ட், உலோக ஃபோர்க் என்றால் 4 முதல் 5 நியூட்டன் மீட்டர். கார்பன் ஃபோர்க்கில் செய்தவர் போட்டிருக்கும் எண்ணே சட்டம், பெரும்பாலும் அது இதைவிடக் குறைவாக இருக்கும். மரையில் கிரீஸ் இருந்தால் அதே முறுக்குக்கு போல்ட் இன்னும் அதிகமாக இழுபடும், ஆகவே மேல் எல்லையைத் தொட வேண்டாம்.

டார்க் ரெஞ்ச் (முறுக்கின் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இல்லையென்றால் ஆலன் கீயின் நீளப் பக்கத்தைக் குழியில் விட்டு, குட்டைப் பக்கத்தை விரல்களால் பிடித்து இறுக்குங்கள். அந்தப் பிடியில் எம் 5-ஐ முறிப்பது கஷ்டம். முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். புது பெயின்ட் நசுங்கி இடம் கொடுக்கும், முதல் நாளிலேயே ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும்.

கிரீஸா, த்ரெட் லாக்கா?

த்ரெட் லாக் என்பது மரை கழலாமல் பிடிக்கும் பசை. இரண்டில் ஒன்றுதான், ஒன்றன்மேல் ஒன்று கூடாது. உலோகத்தின் மேல் உலோகம் நேராக அழுந்தும் இடத்தில் கிரீஸும் சரியான இறுக்கமும் போதும். நடுவில் பிளாஸ்டிக்கோ ரப்பரோ இருந்து முழுதாக இறுக்க முடியாத இடத்தில் நீல நிற த்ரெட் லாக் ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டிவரும், கார்பனுக்கும் பெயின்ட்டுக்கும் சூடு ஆகாது. த்ரெட் லாக் சில பிளாஸ்டிக்குகளை விரிசல் விட வைக்கும், விளக்கின் கூட்டில் வழியவிடாதீர்கள்.

மட்கார்டு கம்பி முனையில் ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருக்கு, தொட்டாலே கழன்றுடுது. தூக்கிப் போட்டுவிட்டு நேரா போல்ட் போட்டுடவா?

தயவுசெய்து வேண்டாம். அது கழல்வதற்காகவே செய்தது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் குச்சி சிக்கினால், மட்கார்டு மடங்கி டயரைப் பூட்டும் முன்னே கம்பி விடுபட வேண்டும். தொட்டாலே கழல்கிறது என்றால் தேய்ந்திருக்கிறது, புதுக் கிளிப் வாங்குங்கள். கிளிப்பை ஃபோர்க்கில் பிடிக்கும் போல்ட் எப்போதும் போல எம் 5.

ஒரே காதில் மட்கார்டையும் ரேக்கையும் சேர்த்து மாட்டலாமா?

மாட்டலாம். பாரம் சுமப்பது ஃபோர்க்கை ஒட்டி இருக்கட்டும், லேசானது வெளியே. ரேக், பிறகு மட்கார்டு வளையம், வாஷர், தலை. தடிமன் கூடுவதால் நீளத்தை நான்காவது பதிலில் சொன்னபடி புதிதாகக் கணக்கிடுங்கள், பழைய போல்ட் இப்போது குட்டையாகியிருக்கும். துளை ஊடுருவிப் போவதாகவும், உள்பக்கம் டிஸ்க்குக்கு இடம் விட்டும் இருந்தால், பின்னால் நைலான் வளையமுள்ள நட் ஒன்று போடுவது நல்ல காப்பு. மரை தளர்ந்தாலும் போல்ட் தெருவில் விழாது.

டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் காலிபர் இடிக்குது. ஸ்பேசர் குழல் வைத்து நீள போல்ட் போட்டால் ஆச்சா?

மட்கார்டு கம்பிக்கு ஆச்சு. ரேக்குக்கு யோசிக்க வேண்டும். ரேக் ஃபோர்க்கோடு அழுந்தியிருக்கும்போது பாரத்தைத் தாங்குவது உராய்வு, போல்ட் பிடித்துக்கொண்டு மட்டும் இருக்கிறது. நடுவில் 20 மி.மீ. குழல் வந்தால் ரேக்கின் பாரம் நெம்புகோல் மாதிரி போல்ட்டை வளைக்கத் தொடங்கும், ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம்.

வேறு வழியில்லையென்றால் குழல் தடித்ததாக, இரு முனையும் தட்டையாக இருக்கட்டும், போல்ட் 10.9. மெல்லிய வாஷர்களை அடுக்கி அடுக்கிக் குழல் செய்ய வேண்டாம். இதைவிட, டிஸ்க் சைக்கிளுக்கென்று கால் வளைத்துச் செய்த ரேக்கே நல்லது.

ஃபோர்க் காலில் வரிசையாக மூணு ஓட்டை இருக்கே, அதில் எவ்வளவு பாரம் தாங்கும்?

இது பெரிய தாங்கிகளுக்கானது. அடுத்தடுத்த துளைகளின் இடைவெளி பொதுவாக 64 மி.மீ., சாதாரண பாட்டில் தாங்கிக்கு உள்ளதே. அதனால் இரண்டு துளையில் பாட்டிலும் மாட்டலாம். பல ஃபோர்க்குகளில் ஒரு காலுக்கு 3 கிலோ என்று வரம்பு போட்டிருப்பார்கள், உங்களுடையதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தாங்கியின் எடையும் அதில் சேர்த்திதான். சாமான் ஏற்றும்போது மூன்று போல்ட்டும் போடுங்கள். துளை ஆழத்தை இங்கே கட்டாயம் அளக்க வேண்டும், மூன்றும் ஒரே ஆழம் என்று நம்ப வேண்டாம்.

என் ஃபோர்க்கில் ஓட்டையே இல்லை. நானே ஒரு துளை போட்டுக்கலாமா?

கூடாது. கார்பனில் துளை போட்டால் இழைகள் அறுந்தன, சஸ்பென்ஷன் ஃபோர்க்கின் கீழ்க்கால்கள் பெரும்பாலும் மெக்னீசியம் வார்ப்பு, மெல்லிய எஃகுக் குழாயில் துளை விளிம்பிலிருந்து விரிசல் ஓடும். ரப்பர் உறை போட்ட கிளாம்ப் வாங்கிக் காலைச் சுற்றிக் கட்டுங்கள். சஸ்பென்ஷன் ஃபோர்க் என்றால் மட்கார்டைச் சக்கரத்தோடு சேர்ந்து அசையும் கீழ்க்காலில் மட்டும் பிடியுங்கள். ஃபோர்க் முழுதாக அமுங்கும்போது டயர் எதையும் தொடாமல் இருக்கிறதா என்று ஃபோர்க்கில் உள்ள காற்றை இறக்கிவிட்டு அமுக்கிப் பாருங்கள்.

பிரேக் போல்ட்டிலேயே விளக்கையும் சேர்த்து மாட்டலாமா?

தோளில் மாட்டும் பழைய பாணி ரிம் பிரேக் என்றால் மாட்டலாம், விளக்கின் தகடு அதற்குத்தான் இருக்கிறது. தகட்டின் தடிமன் போக நட்டுக்குள் மரை குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் நீளமான குழல் நட் வாங்குங்கள். டிஸ்க் காலிபரைப் பிடிக்கும் போல்ட்டில் எதையும் சேர்க்காதீர்கள்.

போல்ட் பாதி வரைக்கும் போய் அப்படியே நிக்குது. கீயை வைத்து அழுத்திடவா?

அழுத்தாதீர்கள். புது ஃபோர்க்கானால் மரையில் பெயின்ட் இறங்கியிருக்கும், எம் 5 × 0.8 டேப்பை (துளைக்குள் மரை வெட்டும் கருவி) எண்ணெய் தொட்டுக் கையால் மெதுவாக ஓட்டினால் சுத்தமாகிவிடும். முதல் சுற்றிலேயே மாட்டினால் கோணலாக ஏறியிருக்கிறது. அதற்கு ஒரு பழைய வித்தை: போல்ட்டை முதலில் எதிர்ப்பக்கம் திருப்புங்கள், மரை மரையில் விழும்போது 'க்ளக்' என்று ஒரு சின்ன இறக்கம் தெரியும், அங்கிருந்து இறுக்குங்கள்.

இரண்டும் இல்லையென்றால் அங்குல அளவைச் சந்தேகப்படுங்கள். 10-32 என்று ஒரு அங்குலத் திருகு உண்டு: விட்டம் 4.83 மி.மீ., மரை இடைவெளி 0.794. எம் 5-க்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. எம் 5 துளையில் இது லொடலொடவென்று ஏறிவிடும், 10-32 துளையில் எம் 5 போல்ட் சில சுற்று போய் இறுகும். பெட்டியில் கலந்து கிடக்கும் பழைய போல்ட்டுகளில் இந்தத் தம்பி ஒளிந்திருப்பான்.

போல்ட் சுத்திக்கிட்டே இருக்கு, இறுகவே மாட்டேங்குது. மரை கழண்டுபோச்சா?

போல்ட் மட்டும் சுற்றினால் மரை உரிந்திருக்கிறது. எஃகுக் காதானால், சுற்றிலும் சதை போதிய அளவு இருந்தால், 5 மி.மீ. துளையிட்டு எம் 6 டேப் போடலாம். எம் 5-ஆகவே இருக்க வேண்டுமென்றால் கம்பிச்சுருள் மரை பதிக்கலாம், ஆனால் அதற்கும் ஏறக்குறைய அதே அளவு சதை வேண்டும். துளை ஊடுருவிப் போகிறதா? அப்படியானால் பின்னால் நட் போட்டு வேலையை முடியுங்கள். போல்ட்டோடு சேர்ந்து உள்ளே ஏதோ ஒன்றும் சுற்றினால் பதித்த மரைக்குழல் பெயர்ந்துவிட்டது. உலோக ஃபோர்க்கில் புதிது பதிக்கலாம், கார்பன் என்றால் செய்தவரிடம் கேளுங்கள்.

அதே இடத்தில் மூணாவது தடவை போல்ட் உடைஞ்சாச்சு. 12.9 போட்டால் நிக்குமா?

உடைந்த துண்டை எறிந்துவிடாமல் உடைந்த முகத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பாக, சிப்பி ஓட்டில் இருப்பது போல மெல்லிய வளைகோடுகளுடன் இருந்து, மிச்சம் கரடுமுரடாக இருந்தால் அது களைப்பு முறிவு. வழவழப்பான பகுதி பல நாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளந்தது, கரடுமுரடான பகுதி கடைசி நொடியில் அறுந்தது. பாரம் தாங்காமல் ஒரே அடியில் அறுந்ததல்ல.

களைப்பு முறிவுக்குப் பெரும்பாலும் காரணம், ரேக் அசைந்திருக்கிறது. காதைச் சுற்றி பெயின்ட் தேய்ந்து பளபளக்கும் வளையம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். அங்கே 12.9 போட்டால் அதுவும் உடையும், கொஞ்சம் தாமதமாக. போல்ட் அடியில் முட்டி நிற்கிறதா என்று ஆழத்தை அளங்கள், ஸ்பேசர் இருந்தால் குறையுங்கள், ரேக்கின் மேல்பிடியும் இறுக்கமாக இருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். பிறகு புது 8.8 போல்ட்டைச் சரியான முறுக்கில் இறுக்கி, தலையிலிருந்து ரேக் வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த வாரம் கோடு விலகியிருந்தால் போல்ட் திரும்பியிருக்கிறது.